தங்கைக்குப் போடாத வழி

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ரூட் அக்கா. அவளைவிட வயதில் பெரிய மேனேஜர்கூட, நாலு பேர் முன்னால் 'மேடம்' என்று தொடங்குவார், அவசரம் வந்தால் 'ரூட் அக்கா'வில் வந்து நிற்பார். வீடு வீடாக நர்சுகளை அனுப்பி வைக்கும் நிறுவனம் அது. ஆறாத புண், போட வேண்டிய ஊசி, மாற்ற வேண்டிய குழாய் என்று ஊர் முழுக்க ஆட்கள் கட்டிலில் காத்திருப்பார்கள். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு, எந்த வரிசையில், எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று காலையில் முடிவு செய்து அவரவர் கைப்பேசிக்கு அனுப்புவது அவள் வேலை.

அவள் முடிவு செய்கிறாள் என்றால் அது பாதிப் பொய். முடிவு செய்வது கணினிக்குள் இருக்கும் வரைபட மென்பொருள். வீடுகளெல்லாம் திரையில் புள்ளிகளாக விழும். ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் பிடிக்கும், எதற்குள் போய்ச் சேர வேண்டும், எந்த நர்சுக்கு எந்த வேலை கைவரும் என்பதையெல்லாம் ஊட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பிக்கும். அது நின்றதும் ஒவ்வொரு நர்சின் வீட்டு வாசலிலிருந்தும் ஒரு நிறத்தில் கோடு கிளம்பி, தன் பங்குப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு மறுபடி வீட்டுக்கு வந்து சேரும். எல்லாக் கோடுகளையும் கூட்டிப் பார்த்தால், அதைவிடக் குறைந்த தூரத்தில் அந்த வேலையை முடிக்க மனிதனால் ஆகாது.

அதற்கு யார் மேலும் பிரியமில்லை, யார் மேலும் கோபமில்லை. ரூட் அக்காவுக்கு அதில் பிடித்ததே அதுதான். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். 'ஏன்க்கா எனக்கு மட்டும் தினம் அந்த மேட்டுத் தெரு?' என்று எந்த நர்சாவது மூக்கைச் சிந்தினால், அவளிடம் ஒரே பதில்தான் இருக்கும்.

"மெஷின் போடுது. நானா போடறேன்?"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் வருஷக் கணக்கில் நிம்மதியாக வேலை பார்த்தாள். சண்டைக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். திரையோடு யார் சண்டை போட முடியும்?

இத்தனைக்கும் தெருவில் இறங்கினால் ரூட் அக்காவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. பழகிய பஸ் ஒரு வளைவு மாறிப் போனாலும் எழுந்து கண்டக்டரிடம் ஓடுவாள். அவள் புருஷன் லிப்ட் பழுது பார்ப்பவன், மேலும் கீழும் தவிர வேறு திசை தேவைப்படாத தொழில். அவனுக்கு இது பெரிய வேடிக்கை. கடைக்குப் போகச் சொன்னால், முதலில் மருந்துக் கடை, அப்புறம் பால், கடைசியில் காய்கறி, வந்த வழியே திரும்பக் கூடாது என்று அவள் வரிசை சொல்லி அனுப்புவாள். அவன் வாசலில் நின்று கேட்பான்.

"எல்லாம் சரி. வாசல்லேருந்து லிப்ட் வரைக்கும் எந்தப் பக்கமா நடக்கணும்னு சொல்லலியே?"

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குள் அம்மா வந்தாள். அம்மா வந்ததில் தவறில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, குதிகாலில் ஒரு புண், ஆறுவேனா என்றது. தங்கை நான் வைத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தாள். அவள் இருப்பதோ பின் தெருவில் செங்குத்தான படி ஏறிப் போகிற மாடி. 'அம்மா அந்தப் படியில காலை வெச்சா அவ்வளவுதான், எங்க வீட்டுல லிப்ட் இருக்கு' என்று அடித்துப் பேசி அம்மாவைத் தன்னிடம் கொண்டுவந்தவள் அக்காதான். சட்டம் பேசி ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு உள்ளூர ஒரு குஷி.

குஷி நிலைக்கவில்லை. விடியும்போதே எழுந்து படுக்கை விரிப்பை உருவித் துவைக்கப் போடுவாள், அம்மாவைக் குளிக்க வைப்பாள், மாத்திரையைப் பிரித்துக் கையில் வைப்பாள், சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவாள். அம்மா அவளிடம் பேசுவதெல்லாம் வேலை. "டெட்டால் தீர்ந்துடுச்சு." "ஃபேனைக் கொஞ்சம் குறை." "அந்த மாத்திரை இன்னும் ரெண்டுதான் இருக்கு." மாலையில் தங்கையிடமிருந்து போன் வந்தால் மட்டும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டுக்காரி யாரோடு பேசுவதில்லை, மேல் மாடியில் எந்தக் குழந்தை அழுதது, கனவில் யார் வந்தார்கள், அத்தனையும் அந்தப் போனுக்காகச் சேர்த்து வைத்திருப்பாள். வேலை சொல்ல ஒருத்தி, கதை சொல்ல ஒருத்தி. அக்கா அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாகவே கழுவுவாள்.

தங்கையும் நர்ஸ்தான். அதே நிறுவனத்தில் அவளைச் சேர்த்துவிட்டதும் அக்காதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்று பின்னால் பலமுறை தன்னையே திட்டிக்கொண்டாள். சேர்த்த புதிதில் பெருமையாகத்தான் இருந்தது. தங்கை வீட்டுக்கும் தன் அடுக்கு மாடிக்கும் நடுவே, இரண்டு மதில்களுக்கு இடையில் ஆள் நுழைகிற அளவு ஒரு சந்து உண்டு. எந்த வரைபடத்திலும் அது கிடையாது. அக்கா அதைத் தன் கையாலேயே மென்பொருளில் வரைந்து சேர்த்தாள். தங்கைக்கு நடை மிச்சமாகட்டும் என்று அன்றைக்கு அவ்வளவு பாசம்.

டாக்டர் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்றச் சொன்னார், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது என்றும் சொன்னார். அம்மாவின் பெயரும் புள்ளியாகத் திரையில் ஏறியது. பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றி நின்றது. தங்கையின் பச்சைக் கோடு அந்தச் சந்து வழியாக நேராக அம்மா மேல் போய் நின்றது.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் அம்மா தலைவாரி, பவுடர் பூசி, சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அக்கா வாரிவிடுகிறேன் என்றபோது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்ன அதே தலை.

"சின்னவ கை பட்டதே தெரியலடி. பூ மாதிரி கட்டிட்டுப் போனா. அவ கையில என்னவோ இருக்கு."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. கட்டு மாற்ற வந்தவள் அரை மணி இருந்துவிட்டுப் போயிருப்பாள். மீதி நாளெல்லாம் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்தவள் யார்? அந்தக் கையில் ஒன்றும் இல்லையா? மூத்தது மோழை, இளையது காளை என்று பழமொழி சொன்னவன் நிச்சயம் ஒரு வீட்டில் இளையவனாகத்தான் பிறந்திருப்பான்.

அடுத்த முறையும் பச்சைக் கோடு. அதற்கடுத்த முறையும். இத்தனை நர்சுகள் இருக்கும்போது மென்பொருள் அம்மாவை எடுத்துத் தங்கை கையில்தான் கொடுத்தது. மெஷினுக்கும் சின்னவளைத்தான் பிடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியபோது, அது பைத்தியக்கார நினைப்பு என்று தெரிந்தும் கண்ணில் நீர் முட்டியது.

இனி அவள் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடலாம். முதலில் அம்மாவின் கட்டு நேரத்தை மாற்றினாள். தங்கை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போட்டாள். மென்பொருள் சற்று யோசித்துவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப்புற வீடுகளை வேறொருத்திக்குத் தள்ளிவிட்டது. தங்கை அந்த நேரத்துக்குச் சரியாக அம்மாவிடம் இருந்தாள். பிறகு தான் வரைந்த சந்தைத் தானே அழித்தாள். தங்கை இப்போது பெரிய சாலை சுற்றி வந்தாக வேண்டும். அப்படியும் மற்ற எல்லோரையும்விட அவள்தான் பக்கம். பச்சைக் கோடு கொஞ்சம் வளைந்து, தளராமல் வந்து சேர்ந்தது. ஒரு வழியை அடைத்தால் அடுத்த நல்ல வழியைத் தேடுவதுதானே அதன் பிழைப்பு. அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. நாய் கடித்த வீடு, நர்சிடம் கைநீட்டிய வீடு, சண்டை போட்ட வீடு இவற்றுக்காக வைத்தது. இந்த நர்சை இந்த வீட்டுக்கு எக்காலத்திலும் அனுப்பாதே என்று அதற்கு அர்த்தம். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். தங்கை பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்து அந்தக் கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள்.

வட்டம் வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றியது. நின்றபோது பச்சைக் கோடு ரயில் பாதையைத் தாண்டி ஊரின் மறுகோடிக்குப் போயிருந்தது. அம்மாவுக்கு வந்தவள் ஒரு மூத்த நர்ஸ். ஸ்கூட்டரை நடப்பவர்களும் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டுவதால் அவளுக்குப் புயல் என்று பெயர். எல்லோர் தூரமும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியது. மேனேஜர் எட்டிப் பார்த்து, ஏன் கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்று கேட்டார். "ரோட்டுல வேலை நடக்குது சார்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

புயலின் கை கொஞ்சம் கனம். பழைய பஞ்சை எடுக்கும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள் என்று பக்கத்துவீட்டுக்காரி சொன்னாள். அதைக் கேட்டு அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று மாலை அம்மா தங்கையைப் புகழாமல் டீயைக் குடித்தாள். அந்த டீ நேரத்துக்காக அவள் அந்தச் சுருக்கைப் பொறுத்துக்கொண்டாள்.

சில வாரம் போனது. ஆபீசில் டீ போடுகிற மூலையில் தங்கை அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்ன இது? அம்மா இருக்கிற இடம் எனக்குக் கூப்பிடு தூரம். நான் எங்கேயோ ஊர்க்கோடியில சுத்திட்டிருக்கேன். ஏன் அம்மாவை எனக்குப் போட மாட்டேங்குது?"

"மெஷின் போடுது. நானா போடறேன்?" என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். ஆனால் தங்கை அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"நான் கட்டுப் போட்டாத்தான் வலிக்கலன்னு அம்மாவே சொன்னாங்க. என் கை ராசிக் கையாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கள்ளமில்லாத சிரிப்பு. அக்காவுக்கு அதுவே நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அம்மாதான் உன்னை அனுப்ப வேணாம்னாங்க."

தங்கையின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. "அம்மாவா? ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? வேற யாரையாவது அனுப்புன்னாங்க. உன்கிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாங்க. நீயும் கேட்டு வைக்காதே, சங்கடப்படுவாங்க."

தங்கை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அவள் போகிற நடையைப் பார்த்தால் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. ஒரு தடவையாவது வேண்டாதவளாக இருந்து பார்க்கட்டும், எனக்கு அது பழகின வீடு என்றுதான் அக்கா நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வரவில்லை. மாலைப் போனும் குறைந்தது. வந்தாலும் 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்பதோடு முடிந்தது. அம்மா சேர்த்து வைத்த கதைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை அக்காவிடம் சொல்வாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் பார்த்தாள். அம்மா டீயை வாங்கிக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். இலவு காத்த கிளி என்பது இதுதான்.

"சின்னவளுக்கு என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா."

"கட்டு மாத்தவும் வர்றதில்ல?"

"மெஷின் போடலம்மா. நான் என்ன பண்ண?"

அம்மா கோப்பையின் விளிம்பைத் தடவினாள்.

"ஞாயித்துக்கிழமையும் மெஷின்தான் போடுதா?"

அக்கா காது கேட்காதவள் போல எழுந்து உள்ளே போனாள். அம்மாவும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது. அம்மாவும் தங்கையும் ஒரு தடவை நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிவிட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். உடைந்தால் தங்கை முகத்தில் அப்புறம் விழிக்க முடியாது. அம்மா முகத்திலோ, நினைக்கவே முடியவில்லை. இருக்கிற கொஞ்சமும் போய்விடும். புருஷன் சாப்பிடும்போது, ஏன் சின்னவள் வருவதில்லை, உங்களுக்குள் ஏதாவதா என்று கேட்டான். "உங்க வேலையைப் பாருங்க" என்று விழுந்தாள். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "சரி, எந்தப் பக்கத்துலேருந்து சாப்பிட?" என்றான். அவள் சிரிக்கவில்லை.

பிறகு அந்த மழை. காலையிலேயே பிடித்துக்கொண்டது. ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் இடுப்பளவு என்று செய்தி வந்தது. ஒரு நர்சின் ஸ்கூட்டர் நின்றுவிட்டது, இன்னொருத்தி பஸ்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள், புயல் வீட்டை விட்டே கிளம்பவில்லை. தங்கை மட்டும், நல்ல வேளையாக, பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். அடைபட்ட தெருக்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்துவிட்டு அக்கா புதிதாக வழி போட்டாள். கோடுகள் கலைந்து மறுபடி பின்னிக்கொண்டன. எல்லாப் புள்ளிக்கும் ஆள் கிடைத்தது, ஒன்றைத் தவிர. ஒரே ஒரு புள்ளி சிவப்பாக, எந்தக் கோடும் தொடாமல் நின்றது.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "அது யாரு, விட்டுப்போச்சே?"

"எங்கம்மா சார்."

"கட்டு மாத்தணுமா? நாளைக்குத் தள்ளலாமா?"

முந்தாநாள் கட்டை அவிழ்த்தபோது சீழ் இருந்ததாகப் புயல் போன் செய்து சொல்லியிருந்தாள். "தள்ள முடியாது சார்."

"பக்கத்துலயே உங்க தங்கச்சி சும்மா நிக்கிறாங்களே. மெஷின் ஏன் எடுக்க மாட்டேங்குது?"

அவர் திரையைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். அக்கா சட்டென்று கையை நீட்டி அந்தக் கட்டத்துக்குப் போய் டிக்கை எடுத்தாள். "ஏதோ செட்டிங் சார், தப்பா விழுந்திருக்கு." பொத்தானை அழுத்தினாள். வட்டம் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை. பச்சைக் கோடு அம்மா மேல் போய் நின்றது.

உடனே போன் வந்தது. "அக்கா, அம்மா வேணாம்னு சொன்னாங்களே. என்னைப் போட்டிருக்கே?"

"வேற ஆளில்ல. போய்க் கட்டு மாத்திட்டு உடனே கிளம்பு. எதுவும் பேசிட்டிருக்காதே. மழை வலுக்குது."

சொல்லி முடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மேனேஜரிடம் சொன்னது, இத்தனை நாளில் அவரிடம் சொன்ன முதல் உண்மை. எப்படியாவது தங்கைக்கு முன்னால் போய்விட வேண்டும், இல்லையானாலும் அவர்கள் இருவரையும் தனியே விடக் கூடாது. பஸ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் வழி பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் தங்கைதான் பக்கம். தங்கையை முந்திப் போகத் தனக்கு வழி இல்லை என்பது பஸ் ஊர்ந்து போகப் போக உறைத்தது.

அம்மாவைக் கூப்பிட்டு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தாள். என்னவென்று சொல்வாள்? நீ பெற்ற மகளை நீ வேண்டாம் என்று சொன்னதாக நான் சொல்லியிருக்கிறேன், கேட்டால் ஆமாம் போட்டுவிடு என்றா? எடுத்த போனைப் பைக்குள் போட்டாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. செருப்பு வைக்கிற இடத்தில் தங்கையின் மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்க, அவள் கால் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. தங்கை தரையில் முழங்காலிட்டு, கையுறை போட்ட விரல்களால் புண்ணைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு வாசலைப் பார்த்து இருந்தது. அக்கா வந்து நின்றதை அம்மா மட்டும் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் தங்கை, குனிந்த தலை நிமிராமல். "கேக்க வேணாம்னுதான் இருந்தேன். முடியல. நான் கட்டு மாத்த வரவேணாம்னு நீ சொன்னியாமே. நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அம்மா, சின்னவள் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா.

தங்கையின் கை நின்றது.

"நீ ஒவ்வொரு தடவையும் கட்டை அவுக்கும்போது உன் முகம் சுண்டிப்போகுதுடி. எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே பேசறே, ஆனா கண்ணு கலங்குது. வலியைத் தாங்கிப்பேன். அதைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால ஆகல. அதான் பெரியவகிட்ட வேற யாரையாவது அனுப்புன்னேன். உனக்குச் சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாதேன்னும் சொன்னேன். அவ என்ன பண்ணுவா பாவம்."

தங்கை அழத் தொடங்கினாள். கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "இதை என்கிட்டயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நான் என்னென்னவோ நினைச்சு..." என்று மீதியை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்து எங்கே? கண நேரத்தில் ஓட்டை தெரியாமல் அப்படி ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்துவிட்டதே.

பொய் அக்காவுக்காகச் சொன்னது. அதற்குள் வைத்துத் தைத்த பாசம் முழுக்கத் தங்கைக்கு. வாசலில் நனைந்து நின்றபடி அக்கா அதைக்கூடக் கணக்குப் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புதுக் கட்டுப் போட்டு முடித்துத் தங்கை கை கழுவக் குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அம்மா பெரியவளைக் கிட்டே வரச் சொல்லித் தலையை ஆட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொய் சொன்னா ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கணும்டி. இவ்வளவு பெரிய ஆபீசுல இருந்து என்ன பிரயோஜனம்?"

"அம்மா, நான்..."

"ஒண்ணும் சொல்லாதே. எனக்கு எல்லாம் தெரியும். தலையைத் துவட்டு, தும்மி வைக்காதே."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. அக்கா துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். துண்டுக்குள்ளே கண்ணீர் வந்தது. நினைவு தெரிந்த நாளாக அம்மாவிடம் தனக்கென்று எதுவும் இல்லை என்று எண்ணி வெந்துகொண்டிருந்தவளுக்கு, இன்றைக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. சின்னவளிடம் மறைத்து அம்மா தனக்கு மட்டுமாகச் செய்த ஒன்று.

தங்கை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அழுத முகம் தெளிந்திருந்தது. அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. அம்மா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்க, நீதான் எதையோ மாத்தி வெச்சிருக்கேன்னு நினைச்சுட்டேன். உன்னைப் போய் அப்படி நினைச்சேன் பாரு. மன்னிச்சுடு."

கட்டிலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான், சொன்னால் தங்கை கொஞ்சம் கத்துவாள், கொஞ்சம் அழுவாள், பிறகு சமாதானமாகிவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள்தான், அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் அம்மா தனக்கென்று சொன்ன அந்தப் பொய் அதோடு செத்துவிடும். அதைத் தங்கைக்காக விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பரவாயில்ல விடு" என்றாள் அக்கா. "பாத்துப் போ, தரை வழுக்கும்."